மாத்திரையை உரித்த வாத்தியார்

எனக்கு விஞ்ஞானம் கொஞ்சம் தெரியும். வேதமும் கொஞ்சம் தெரியும். இரண்டில் ஒன்று சுத்தமாகத் தெரியாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். இரண்டையும் அரைகுறையாகத் தெரிந்து வைத்திருந்ததால்தான் ஒரு பெரிய வெள்ளிக்கிழமையன்று ஊர் முழுவதும் என் பின்னால் சிலுவையைத் தூக்கிக்கொண்டு வரும்படி ஆயிற்று. அதுவும் எந்த இடத்துக்கு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். ஆவூருக்குக் கிழக்கே எங்கள் ஊர். பங்குச் சாமியாருக்குப் பத்து ஊர் பார்க்கிற வேலை. அதனால் எங்கள் கோயிலில் பாதி நாட்கள், சாமியார் இல்லாதபோது ஜெபம் நடத்துகிற உபதேசியார்தான் எல்லாம். பெரிய வெள்ளிக்கிழமை பிற்பகல் எங்கள் ஊரில் ஐந்து புலம்பல் வாசிப்பார்கள். வாசிப்பது என்றால் செய்தித்தாள் வாசிப்பதுபோல இல்லை, ராகம் போட்டு இழுத்து, கேட்கிறவர்கள் மாரில் அடித்துக்கொள்ளும்படி வாசிக்க வேண்டும். ஒவ்வொரு புலம்பலும் ஒரு வீட்டுக்கு உரியது. ஐந்தாவது, அதாவது ஆண்டவரைச் சிலுவையிலிருந்து இறக்கித் தாய் மடியில் கிடத்துகிற புலம்பல், எங்கள் வீட்டுக்கு. எங்கள் பாட்டன் கையால் எழுதிய நீள நோட்டுப் புத்தகம் ஒன்று அதற்காகவே வீட்டில் இருந்தது. நிலத்தைப் பங்கு போட்டபோதுகூட அந்த நோட்டுக்குத்தான் அதிகச் சண்டை என்பார்கள்.

உரிமைக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஏதாவது ஒரு வருடம் அந்த வீட்டு ஆள் வாசிக்காமல் விட்டாலோ, பாதியில் நிறுத்தினாலோ, உரிமை அடுத்த பங்காளி வீட்டுக்குப் போய்விடும். எங்கள் ஐயா சவரிமுத்து இருபத்திரண்டு வருடம் வாசித்தவர். அதற்கு முந்தின வருடம் அவருக்கு இரைப்பு வந்து மூன்று இடத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. எப்படியோ முடித்துவிட்டார். ஆனால் ஊர்ப் பெரியவர்கள், "அடுத்த வருஷம் ஒன் மகன் வாசிக்கட்டும். இல்லாட்டி அருளப்பனுக்கு விட்டுரு" என்று சொல்லிவிட்டார்கள்.

அருளப்பன் என் சித்தப்பா மகன். வெண்கலத் தொண்டை. பாட்டுக்கோஷ்டியில் அவன் பாடினால் தூங்குகிற குழந்தைகூட எழுந்து உட்காரும். ஆளும் நல்லவன், யாரைப் பற்றியும் ஒரு பொல்லாப்பு சொல்ல மாட்டான். அவனைப் பிடிக்காமல் போவதற்கு எனக்கு அந்த ஒரு காரணமே போதுமாக இருந்தது.

நான் ஞானப்பிரகாசம். திருச்சியில் வாத்தியார் பயிற்சி முடித்து, ஊர் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு சயின்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். (பெயரில் இருப்பதெல்லாம் ஆளிடம் இருக்க வேண்டும் என்று சட்டமா என்ன?) ஐயாவுக்காக நான் வாசித்தே தீர வேண்டும். அது மட்டுமில்லாமல், அந்தத் தவக்காலம் நாற்பது நாளும் ஒருசந்தி இருக்கப்போவதாகப் பள்ளிக்கூடத்திலும் டீக்கடையிலும் கேட்காதவர்களுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். ஒருசந்தி என்றால் ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் சாப்பாடு. இறைச்சி கிடையாது. விரதம் இருப்பதைக் காட்டிலும் விரதம் இருப்பதாகப் பிறர் பேசுவது எனக்கு அந்த வயதில் அதிகம் ருசித்தது.

பெரிய வெள்ளிக்குப் பத்து நாள் இருக்கும்போது தொண்டை கட்டியது. மறுநாள் எச்சில் விழுங்க முடியவில்லை. காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. பள்ளிக்கூடத்துக்கு எதிரே கன்னியாஸ்திரிகள் நடத்திய சின்ன டிஸ்பென்சரி இருந்தது. சிஸ்டர் பிலோமினா நர்ஸ் படிப்புப் படித்தவர். கொல்லத்துப் பக்கம் பிறந்தாலும் பதினைந்து வருடத்தில் எங்கள் ஊர்ப் பேச்சை எங்களைவிட நன்றாகப் பேசப் பழகியிருந்தார். நாக்கைக் கரண்டியால் அழுத்தி டார்ச் அடித்துப் பார்த்தார்.

"வெள்ளை வெள்ளையா இருக்கு சார். ஊசி போட்டாத்தான் சரிப்படும்."

"பென்சிலின் எனக்கு ஆகாது சிஸ்டர். திருச்சியில படிக்கிறப்ப போட்டாங்க. ஒடம்பெல்லாம் தடிச்சு, கண்ணு ரெண்டும் மூடிப்போச்சு. மூச்சும் முட்டுச்சு."

சிஸ்டர் எடுத்த ஊசியை அப்படியே வைத்துவிட்டார். தன் நோட்டில் என் பெயரைச் சிவப்பு மையில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். பிறகு அலமாரியைத் திறந்து, அவர்கள் சபைக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டி ஒன்றிலிருந்து பழுப்புப் புட்டி ஒன்றை எடுத்தார். உள்ளே பளபளவென்று சிவப்பு மாத்திரைகள்.

"இது எரித்ரோமைசின். பென்சிலின் ஒத்துக்காதவங்களுக்குக் கொடுக்குறது. நான் சொல்றதக் காதுல வாங்கிக்கங்க. ஆறு மணி நேரத்துக்கு ஒண்ணு. ஒரு நாளைக்கு நாலு. முழுசா தண்ணி ஊத்தி முழுங்கணும். கடிக்கக் கூடாது, ஒடைக்கக் கூடாது. காய்ச்சல் விட்டாலும் பத்து நாளும் போடணும். நாலாம் நாளு சரியாயிருச்சுன்னு விட்டீங்கன்னா திரும்பி வரும். வந்தா தொண்டையோட நிக்காது. மூட்டுக்குப் போகும், நெஞ்சுக்குப் போகும். வேற ஏதும் மருந்து சாப்புடுறீங்களா?"

"இல்ல சிஸ்டர்."

"வயித்தைப் பொரட்டினா, இல்ல ஒடம்புல ஏதாவது தடிச்சா, ஒடனே எங்கிட்ட வந்து சொல்லணும். நீங்களா ஒண்ணும் செய்யக் கூடாது. எதுனாச்சும் கேக்கணுமா?"

ஒருசந்தியைப் பற்றிக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால், "நோயாளிக்கு ஒருசந்தி கடமை இல்ல சார், போயி நல்லாச் சாப்பிடுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார். அப்படி முடித்துவிட்டால் டீக்கடையில் என் மானம் என்ன ஆவது? "ஒண்ணும் இல்ல சிஸ்டர்" என்றேன். சயின்ஸ் வாத்தியாருக்குச் சந்தேகம் வரலாமா?

இரண்டு நாள் சொன்னபடி போட்டேன். மருந்து என்றால் அது மருந்து. காய்ச்சல் விட்டது, தொண்டை திறந்தது. மூன்றாம் நாள் காலையில் வீட்டுக்குப் பின்னால் நின்று புலம்பலின் முதல் நாலு வரியை இழுத்துப் பார்த்தேன். ஐயா கட்டிலில் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். ஆத்தாவைக் கூப்பிட்டு, "புள்ளைக்குச் சுடுதண்ணி வையி" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு எங்கள் ஐயாவிடம் எதிர்பார்க்க முடியாது.

அன்று வெள்ளிக்கிழமை. எட்டாம் வகுப்புக்கு அன்றைய பாடம் 'பயன் தரும் பூச்சிகள்'. தேனீயை முடித்தேன். பட்டுப்புழுவை முடித்தேன். மூன்றாவது அரக்குப் பூச்சி. மரக்கிளையில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும், உடம்பிலிருந்து பிசின் மாதிரி ஒன்றைக் கசியவிடும், அதற்குள்ளேயே செத்தும் போகும் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பாடப் புத்தகத்தில் அடுத்த வரி: 'அரக்கு, முத்திரையிடவும், வளையல் செய்யவும், மரச்சாமான்களுக்கு மெருகேற்றவும், மாத்திரைகளுக்கு மேற்பூச்சாகவும் பயன்படுகிறது.'

ஏழு வருடமாக நடத்துகிற பாடம். அந்த வரியை அன்றுதான் படித்தேன். பளபளவென்று சிவப்பாக இருந்த மாத்திரை கண் முன்னால் வந்தது. செத்த பூச்சியின் உடம்பிலிருந்து வந்த சட்டை. தவக்காலம், அதிலும் வெள்ளிக்கிழமை, காலையில்தான் ஒன்று விழுங்கியிருக்கிறேன். அது மாமிசமா, இல்லையா?

இந்தச் சந்தேகம் வேறு யாருக்காவது வந்திருக்குமா என்று பல வருடம் விசாரித்திருக்கிறேன். இதுவரை இல்லை.

சாயந்திரம் உபதேசியார் மரியசூசையைப் பார்க்கப் போனேன். கோயில் கதவுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்ததால், தெரிந்தவர் ஒருவருக்கு வந்த சந்தேகம் என்றேன்.

"பூச்சியோட பிசினா?" என்றார். "தேனும் பூச்சியோடதுதான். அது கூடும்."

"தேனீ சாகுறதில்லையே. இது அதுக்குள்ளயே செத்துப்போகுது."

உபதேசியார் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "செத்துப்போகுதா? அப்ப செத்ததுக்கு முன்னால கசிஞ்சதா, பின்னால கசிஞ்சதா?"

"முன்னால. ஆனா கால், றெக்கையெல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கும்."

"றெக்கை இருக்குன்னா பறவைக் கணக்குல வருமோ?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். கால் மணி நேரம் இரண்டு பேரும் அந்தப் பூச்சியைக் கோழிக்கும் மீனுக்கும் நடுவில் எங்கே நிறுத்துவது என்று பார்த்தோம். மீன் கூடும், ஆனால் பூச்சிக்குச் செதில் இல்லை. கடைசியில், "சந்தேகம்னு வந்துட்டா விட்டுர்றது உத்தமம் வாத்தியாரே. ஒங்க ஆளுகிட்ட மேல்தோலை எடுத்துட்டுத் திங்கச் சொல்லுங்க" என்று தீர்ப்புச் சொன்னார்.

டிஸ்பென்சரி ஐம்பதடி தூரத்தில்தான் இருந்தது. போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அன்று முதல் பழைய சவர பிளேடால் மாத்திரைகளை உரிக்க ஆரம்பித்தேன். ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே பிடித்து, உருட்டி உருட்டி, சிவப்புப் போகச் சுரண்டினால் உள்ளே வெள்ளைக் கட்டி. நாக்கில் வைத்தேன். வேப்பங்காயைக் கஷாயமாகக் காய்ச்சி அதில் எட்டிக்காயைக் கரைத்தால்கூட அவ்வளவு கசக்காது. உள்நாக்கு வரை கசந்து, காது வழியாக வெளியே வருகிறதோ என்று தோன்றியது. நான் அதையும் ஒரு புண்ணியமாகவே எடுத்துக்கொண்டேன். சிலுவையில் ஆண்டவருக்குப் புளித்த காடி கொடுத்தார்கள், எனக்கு இது.

பூச்சி விவகாரம் முடிந்ததும் ஒருசந்தி விவகாரம் தலைதூக்கியது. ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் வாயில் ஏதாவது போகலாம் என்றால், நாலு வேளை மாத்திரை எப்படிப் போவது? மருந்து விரதத்தை முறிக்காது என்பது பத்து வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதெல்லாம் சாதாரண ஆட்களுக்கு என்று நான் நினைத்தேன். கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு நாலு, அதை மத்தியானச் சாப்பாட்டோடு ஒன்றாகப் போட்டாலும் நாலுதானே?

வயிறு அந்தக் கணக்கை ஒத்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமை மத்தியானம் நாலு உரித்த மாத்திரையும் உள்ளே போய் ஒரு மணி நேரம் கழித்து, யாரோ குடலைத் துணி பிழிவதுபோலப் பிழிந்தார்கள். கண்மாய்க்கரை ஈச்சம்புதருக்கு மூன்று தடவை ஓடினேன். திங்கட்கிழமை வகுப்பில், "எல்லாரும் இந்தியா மேப் போடுங்க" என்று சொல்லிவிட்டு ஓடினேன். சயின்ஸ் பீரியடில் எதற்கு மேப் என்று ஒருவரும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமைக்குள் வகுப்பில் ஒவ்வொருவனும் மூன்று இந்தியா போட்டு முடித்திருந்தான்.

வயிற்றைப் புரட்டினால் உடனே வந்து சொல்ல வேண்டும் என்று சிஸ்டர் சொன்னது நினைவில் இருந்தது. சொன்னால், எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துகொண்டு எதிரே இருந்த டிஸ்பென்சரியைத் தவிர்த்து, கோயிலுக்குப் பின்பக்கமாகச் சுற்றி வீட்டுக்குப் போனேன்.

புதன்கிழமை தொண்டை மறுபடி கரகரத்தது. இரவு காய்ச்சல் அடித்தது. மாத்திரையில் இன்னும் கொஞ்சம் அரக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் பலிக்கவில்லை என்று முடிவு செய்து, இன்னும் ஆழமாகச் சுரண்டினேன். பாதி மாத்திரை பொடியாகத் தரையில் போயிற்று.

வியாழக்கிழமை ஐயா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"கொரலு நைஞ்சு கெடக்கேடா தம்பி."

"நாளைக்குச் சரியாயிரும் ஐயா. மாத்திரை போடுறேன்."

"எனக்கு மூச்சு இருந்தா நானே வாசிச்சிருவேன்" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் இரைத்தார். "அருளப்பன் நல்லா வாசிப்பான். அதுல எனக்கு வருத்தமில்ல. அவன் வாசிக்கிறப்ப நான் கீழ உக்காந்து கேக்கணும் பாரு. அதுதான்."

எனக்கு அழுகை வந்தது. அப்போதாவது நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மாறாக, வெள்ளிக்கிழமை மத்தியானம் தொண்டைக்குக் கூடுதல் பலமாக இருக்கட்டும் என்று நாலுக்குப் பதிலாக ஐந்து மாத்திரையை உரித்து, பெரிய வெள்ளி என்பதால் சோறுகூட இல்லாமல், வெறும் வயிற்றில் ஒரு செம்புத் தண்ணீரோடு போட்டுக்கொண்டேன்.

பிற்பகல் மூன்று மணி. கோயிலுக்குள் நிற்க இடமில்லை. அன்று மணி அடிக்கக் கூடாது என்பதால் மரத்தட்டியைத் தட்டினார்கள். நாலு வீட்டுக்காரர்கள் நாலு புலம்பலும் வாசித்து முடித்தார்கள். ஐயா சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் முன்னால் போய் நின்றேன்.

முதல் வரி வந்தது. இரண்டாவது வரி பாதியில் கிழிந்தது. மூன்றாவது வரிக்கு வெறும் காற்றுதான். அந்தச் சமயம் பார்த்து வயிறு பிழிய ஆரம்பித்தது. நோட்டு வைக்கிற மேடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து, "அம்மா" என்று முனகினேன். அது நோட்டில் இல்லாத வார்த்தை.

"ஐயோ, புள்ள என்னமா உருகுறான் பாரு" என்றது முன்வரிசையில் ஒரு குரல். அவ்வளவுதான். பெண்கள் பக்கம் 'ஓ'வென்று அழுகை கிளம்பியது. நான் முனக முனக அவர்கள் அழுதார்கள். ஆண்கள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்கள். அருளப்பன்கூடக் கண்ணைத் துடைத்தான். இருபத்திரண்டு வருடத்தில் எங்கள் ஐயா எழுப்பாத அழுகையை நான் வயிற்றுவலியால் எழுப்பிக்கொண்டிருந்தேன்.

அடுத்த பிழிசலில் இனி ஒரு நிமிடம் தாங்காது என்று தெரிந்துவிட்டது. நோட்டும் கையுமாக, கூட்டத்துக்கு நடுவே வழி விலக்கிக்கொண்டு, பெரிய கதவு வழியாக வெளியே ஓடினேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஐந்தாவது புலம்பல் முடிந்ததும் அதை வாசித்தவர் நோட்டோடு முன்னால் நடக்க, பின்னால் சிலுவையைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் ஊரைச் சுற்றிச் சிலுவைப்பாதை போவார்கள். நான் வெளியே போனதைப் பார்த்ததும், துக்கம் தாங்காமல் புலம்பலைச் சீக்கிரம் முடித்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார்கள். மரத்தட்டிக்காரர் தட்டினார். நாலு பேர் சிலுவையைத் தூக்கினார்கள். கூட்டம் பாடிக்கொண்டே கிளம்பியது.

வழக்கமாகக் கோயில் வாசலில் வலது பக்கம் திரும்பித் தெருவுக்குள் போக வேண்டும். நான் இடது பக்கம் திரும்பிக் கண்மாய்க்கு ஓடினேன். பின்னால் உபதேசியார் சொல்வது காதில் விழுந்தது. "இந்த வருஷம் பாதைய மாத்திட்டாங்க போலருக்கு. வாங்க, வாங்க."

கரைமேல் ஏறித் திரும்பிப் பார்த்தேன். முந்நூறு பேர், முன்னால் சிலுவை. நான் வேகமாக ஓடினால் அவர்களும் வேகமாக வந்தார்கள். சின்னப் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, இடுப்பில் வைத்துக்கொண்டு, பாட்டை நிறுத்தாமல் வந்தார்கள். நான் போக வேண்டிய ஈச்சம்புதர் இருபது எட்டில் இருந்தது. இப்படியே ஊரை விட்டுப் போய்விடலாமா என்று நினைத்தேன். அதற்கும் நேரமில்லை.

காப்பாற்றியது சிஸ்டர் பிலோமினா. நான் வயிற்றைப் பிடித்தபடி ஓடினதை அவர் ஒருவர்தான் சரியாகப் படித்திருக்கிறார். அங்கியைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, கூட்டத்தை முந்திக் கரைமேல் ஏறி இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"எல்லாரும் இங்கனயே முழங்காப் போடுங்க. அருள் நிறைந்த மரியே சொல்லுங்க. நான் நிறுத்தச் சொல்றவரைக்கும் யாரும் எந்திரிக்கக் கூடாது. அங்கிட்டுத் திரும்பிப் பாக்கவும் கூடாது."

முந்நூறு பேரும் கரைமண்ணில் முழங்காலிட்டார்கள். நான் ஈச்சம்புதருக்குப் பின்னால் இருந்தேன். பாட்டன் எழுதிய நோட்டைத் தரையில் வைக்க மனம் வரவில்லை. தலைமேல் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். முப்பத்தேழு அருள் நிறைந்த மரியே எண்ணினேன். ஊரே ஒரு மனிதனின் வயிற்றுக்காக இவ்வளவு உருக்கமாக ஜெபித்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் ஜெபம் ஓய்ந்தது. யாருக்கோ விஷயம் புரிந்து, காதோடு காதாகப் பரவியிருக்க வேண்டும். உபதேசியாரின் குரல் கேட்டது.

"அஞ்சாவது பாதியில நிக்குதே சவரிமுத்து. பாதியில நின்னா வழக்கப்படி..."

 புதரை விட்டு எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"பெரியப்பா" என்றான் அருளப்பன். "நோட்டு அவன்கிட்ட இருக்கு. நோட்டு இல்லாம என்னால வாசிக்க முடியாது. எனக்கு மனப்பாடம் இல்ல." அவனுக்கு ஐந்து புலம்பலும் தலைகீழாகத் தெரியும். ஊருக்கே தெரியும் அது.

"யாரு நிறுத்துனா?" என்றார் எங்கள் ஐயா. அவர் எப்படி அந்தக் கரைமேல் ஏறினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "நான் இங்கனதான நிக்கிறேன்."

நான் விட்ட இடத்திலிருந்து, மூன்றாவது வரியிலிருந்து, மனப்பாடமாக எடுத்தார். நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சுக்காக நின்றார். நின்ற இடத்தில் எல்லாரும் காத்திருந்தார்கள். கண்மாய்க் காற்று அடித்தது. அவர் மறுபடி இழுத்தார். கோயிலுக்குள் புழுக்கத்தில் நின்ற மூச்சு, அந்த வெளியில், விட்டு விட்டு என்றாலும், கடைசி வரிவரை வந்தது. கூட்டம் இந்தத் தடவை சத்தம் போட்டு அழவில்லை. நான் புதருக்குப் பின்னால், தலைமேல் நோட்டோடு உட்கார்ந்து அழுதேன். என் வாழ்நாளில் அந்தப் புலம்பலைச் சரியாகக் கேட்டது அன்றுதான்.

சாயந்திரம் சிஸ்டர் என்னைப் புட்டியோடு வரச் சொன்னார். உள்ளே, மறுநாளுக்காக உரித்து வைத்திருந்த நாலு வெள்ளைக் கட்டிகள் இருந்தன. அதில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது என்ன சார், மாத்திரைக்குச் சவரம் பண்ணி வச்சிருக்கீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். அரக்குப் பூச்சியின் இறக்கையிலிருந்து ஆரம்பித்து ஒன்றும் விடாமல் சொன்னேன். சிஸ்டர் சிரிக்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"நீங்க சயின்ஸ் வாத்தியார்தான?" என்றார். "இரைப்பையில அமிலம் இருக்குன்னு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறீங்கல்ல? இந்த மருந்து அந்த அமிலத்துல பட்டாச் செத்துப்போகும். அதைத் தாண்டிக் குடலுக்குப் போகணும்னுதான் மேல சட்டை போட்டு அனுப்பியிருக்கான். நீங்க சட்டையக் கழட்டிட்டு அனுப்புனீங்க. பாதி மருந்து அங்கனயே போச்சு. மிச்சத்தை நாலஞ்சா ஒண்ணாப் போட்டா வயிறு சும்மா இருக்குமா? ஒரு வேளைக்கும் இன்னொரு வேளைக்கும் நடுவுல கிருமிக்கு ஒரு பகல் ஒரு ராத்திரி லீவு விட்டிருக்கீங்க. அது நல்லாச் சாப்பிட்டு எந்திரிச்சிருச்சு."

பிறகு ஸ்டெதாஸ்கோப்பை என் நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார்.  "நெஞ்சு நல்லாத்தான் இருக்கு. ஆண்டவருக்கு நன்றி சொல்லுங்க" என்றார். "ஒருசந்தி நோயாளிக்குக் கெடையாது. அது ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சிஸ்டர்."

"தெரிஞ்சேதானா?" என்றார். அந்த ஒரு கேள்வியில் என் இருபத்தெட்டு வயதும் அடங்கிவிட்டது.

முதலிலிருந்து மறுபடி பத்து நாள். மாத்திரையை என் கையில் கொடுக்கவில்லை. காலை, மத்தியானம், சாயந்திரம், படுக்கப் போகுமுன் என்று நாலு வேளையும் டிஸ்பென்சரிக்குப் போய் அவர் கண் முன்னால் முழுதாக விழுங்கி, வாயைத் திறந்து காட்ட வேண்டும். என் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். வயிறு இரண்டொரு நாள் கடமுடா என்றது, ஆனால் எங்கேயும் ஓட வேண்டியிருக்கவில்லை. நடுவில் திருச்சி டாக்டர் ஒருவருக்குச் சிஸ்டர் எழுதிக் கேட்டு, பதிலும் வந்தது. அந்த மாத்திரையின் மேல்பூச்சில் அரக்கே கிடையாதாம். மரக்கூழிலிருந்து எடுக்கிற ஏதோ ஒன்றாம். உபதேசியாரிடம் சொன்னேன். "அப்ப அது காய்கறிக் கணக்கு" என்று தீர்ப்பை மாற்றிக்கொண்டார்.

அந்த வீட்டு ஆள் ஆரம்பித்து அந்த வீட்டு ஆளே முடித்ததால் உரிமை எங்களிடமே இருக்கட்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அடுத்த வருடம் ஐயாவே வாசிப்பதாகச் சொன்னார். கோயிலுக்குள் மூச்சு முட்டுகிறது, கண்மாய்க்கரையில் காற்று வருகிறது, ஐந்தாவதை மட்டும் அங்கே வைத்துக்கொள்ளலாம் என்றார். இடது பக்கம் திரும்பி, கரைமேல் ஏறி, எல்லாரும் முழங்காலிட்டார்கள். மூன்று வருடம் அப்படி வாசித்துவிட்டு ஐயா போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு அதே இடத்தில் நான் வாசித்தேன். என் தொண்டை கட்டிய வருடங்களில் அருளப்பனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். அதற்கு யாரும் வழக்கம் பேசவில்லை.

இப்போது ஊரில் எங்களைப்போல இரண்டு மூன்று கிழங்களைத் தவிர யாருக்கும் முதல் கதை தெரியாது. அந்த இடத்தில் ஒரு சின்னக் கல்சிலுவை நட்டிருக்கிறார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அங்கே மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். போன வருடம் புதிதாக வந்த சின்னச் சாமியார், கரைமேல் ரோடு போட்டு லாரி ஓடுகிறது, பழையபடி தெருப்பக்கமே போகலாம் என்றார். ஊர் கொதித்துவிட்டது. முன்னோர் காலத்து வழக்கத்தை மாற்றுவதா என்று கூட்டம் போட்டார்கள். கடைசியில் சாமியார் என்னிடம் வந்தார். பக்கத்தில் அருளப்பனும் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தான்.

"நீங்கதான் வயசுல மூத்தவங்க. அந்த எடத்துல ஏன் முழங்காப் போடுறாங்க ஐயா? அங்க ஏதும் அற்புதம் நடந்ததா?"

அருளப்பன் என் முகத்தைப் பார்த்தான். 

"நடந்துச்சு சாமி" என்றேன். "எங்க ஐயாவுக்கு அங்க மூச்சு வந்துச்சு."

சாமியார் அதை ஒரு தாளில் பயபக்தியோடு குறித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து என் மனைவி லூர்து, காப்பியோடு என் இரத்தக்கொதிப்பு மாத்திரையையும் தட்டில் வைத்துக் கொண்டுவந்து நின்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து எந்த மாத்திரை கொடுத்தாலும் அவள் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டாள்.

"முழுசா முழுங்குறீங்களா, இல்ல உரிச்சுத் தரவா?"

அருளப்பன் சிரித்த சிரிப்பில் கைத்தடி கீழே விழுந்தது. சாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த வருடமும் இடது பக்கம்தான் போனோம்.